ஒரு நாள் தாமதமாக வந்தவர்

“எல்லாம் முடிந்துபோயிற்று. இனிமேல் ஆரம்பித்து என்ன ஆகப் போகிறது?”

தம்பி, தங்கையே! இந்தச் சொல்லை உன் வாயால் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? தேர்வில் ஒருமுறை தவறியதும் சொன்னாய். கூடப் படித்தவன் வேலைக்குப் போய், வீடு கட்டி, கிரகப்பிரவேசப் பத்திரிகையை நீட்டியபோது சொன்னாய். முப்பது வயதைத் தாண்டிய அன்று சொன்னாய். நாற்பதைத் தாண்டிய பலர் அதை வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. உள்ளுக்குள் நம்பிக்கொண்டு, அதற்கேற்றபடி சுருண்டு வாழப் பழகிவிட்டார்கள்.

அந்தச் சொல்லை இன்றோடு உன் நாக்கிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும். அதற்காகவே ஒரு மனிதரை உனக்குக் காட்டுகிறேன்.

அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளைவிட மட்டம் போட்ட நாளுக்காகவே பேர் வாங்கியவர். வக்கீல் தேர்வில் முதல் தடவை தவறியவர். தன் நாட்டின் மிகக் கொடிய போர்களில் ஒன்றில், பொழுது சாய்ந்த பிறகு படையோடு களத்துக்கு வந்து சேர்ந்தவர். அந்த ஒரு மாலைக்காக வாழ்நாள் முழுவதும் பழி சுமந்தவர். தேர்தலில் நின்று தோற்றவர்.

அதே மனிதர்தான் தன் நாட்டின் தலைநகரைக் காப்பாற்றினார். ஒரு பிரதேசத்தை ஆளுநராக ஆண்டார். ஒரு பேரரசின் அரண்மனையில் தூதராக நின்றார். 53 வயதில் ஒரு நாவலை வெளியிட்டார். அந்த நாவலின் பெயர் உனக்குத் தெரியும்: ‘பென்ஹர்’.

நான்கு நான்கு குதிரைகள் பூட்டிய தேர்கள் புழுதி கிளப்பிப் பறக்கும் அந்தப் பந்தயத்தைத் திரையில் பார்த்து மூச்சடக்கி உட்கார்ந்திருப்பாய். 1959-இல் வந்த அந்தப் படம் 11 ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. அந்தத் தேர்களை முதன்முதலில் மனத்தில் ஓட்டிப் பார்த்து, பிறகு தாளில் ஓட்டியவர் ஒரு சிற்றூர் வக்கீல். அவர் பெயர் லூ வாலஸ்.

மட்டம் போட்ட பையன்

1827 ஏப்ரல் 10 அன்று, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், புரூக்வில் என்ற ஊரில் லூ பிறந்தான். அப்பா டேவிட் வாலஸ் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர். வக்கீல். பின்னாளில் 1837 முதல் 1840 வரை அந்த மாநிலத்தின் ஆளுநர்.

பெரிய வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்டுவிடாதே. ஏழு வயதில் அவன் தாயைக் காசநோய் கொண்டுபோய்விட்டது. தாயில்லாத பையனுக்குக் காடும் ஆறும்தான் மடியாயின. வகுப்பில் உட்காரமாட்டான். படம் வரைவான். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் விழுங்குவான். ஆசிரியரின் பிரம்புக்கு அவன் முதுகு நன்றாகவே பழகியிருந்தது.

அந்த முரட்டுப் பிள்ளையை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்தவர் சிற்றன்னை ஜெரல்டா. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று பின்னாளில் நாடறியக் குரல் கொடுத்த பெண்மணி அவர். பல ஆண்டுகள் கழித்துப் பென்ஹரின் தாயைப் படைத்தபோது, லூ வாலஸின் கண்முன்னே நின்றது இந்தச் சிற்றன்னையின் உருவம்தான். உன்மேல் ஒருவர் வைத்த அன்பு வீணாகப் போவதில்லை. என்றாவது ஒருநாள் அது உன் கை வழியாக உலகத்துக்குத் திரும்பி வரும்.

பதினாறு வயதில் அப்பாவின் பொறுமை தீர்ந்தது. இதுவரை உன் படிப்புக்குச் செலவழித்தது போதும், இனி உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மாவட்ட அலுவலகத்தில் பழைய ஆவணங்களை நகலெடுக்கும் வேலை கிடைத்தது. பகல் முழுக்க அடுத்தவன் எழுதியதை அப்படியே பார்த்து எழுத வேண்டும். எத்தனை பேர் அந்த மேசையிலேயே வயதாகி ஓய்ந்திருப்பார்கள்!

இந்தப் பையனோ இரவில் விளக்கேற்றித் தன் சொந்தக் கதையை எழுதத் தொடங்கினான். ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்த வரலாற்றைப் படித்திருந்தான். அதையே நாவலாக்க முனைந்தான். அந்த நாவல் அச்சேறியது எப்போது தெரியுமா? 1873-இல். விடலைப் பருவத்தில் தொட்ட பேனா, 46 வயதில்தான் புத்தகமாகக் கைக்கு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்!

மூன்று மாதம் முயன்றுவிட்டு ‘எனக்கு ராசியில்லை’ என்கிறாயே, அந்த முப்பது ஆண்டுகளின் முன்னால் நின்று அதைச் சொல்ல உனக்கு வாய் வருமா?

தவறிய தேர்வும் உயர்ந்த தோளும்

அப்பாவிடமே சட்டம் பயின்றார் லூ. 1846-இல் வக்கீல் தேர்வு எழுத உட்கார்ந்தபோது மனம் முழுக்க மெக்சிகோ போரில் இருந்தது. தேர்வில் தவறினார். இரண்டாம் லெப்டினன்டாகப் போருக்குக் கிளம்பினார். அங்கேயும் அவர் எதிர்பார்த்த வீரம் வாய்க்கவில்லை. ரியோ கிராண்ட் ஆற்று முகத்துவாரத்து முகாமில், குண்டடி படாமலேயே நோயில் மடிந்துகொண்டிருந்த தோழர்களைப் பார்த்துக்கொண்டு நாள்களைக் கழித்துவிட்டுத் திரும்பினார்.

தேர்வும் போயிற்று, போரும் ஏமாற்றியது. உட்கார்ந்தாரா? மறுபடி சட்டப் புத்தகத்தைத் திறந்தார். 1849-இல் வக்கீலானார். அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1852-இல் சூசன் எல்ஸ்டனை மணந்து, அடுத்த ஆண்டு கிராஃபோர்ட்ஸ்வில் என்ற ஊரில் குடியேறினார். 1856-இல் மாநில செனட்டுக்கு வென்றார். அதே ஆண்டில் ஊர் இளைஞர்களைத் திரட்டி ஒரு தன்னார்வப் படையையும் அமைத்தார். போர் எதுவும் இல்லாத காலத்தில் வாரம் தவறாமல் அணிவகுப்புப் பயிற்சி! ஊரார் வேடிக்கை பார்த்திருப்பார்கள். வேடிக்கை பார்த்த ஊர், ஐந்தே ஆண்டுகளில் அவரைத் தேடி வந்தது.

1861. அடிமை முறையை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் பிரிந்துபோக, உள்நாட்டுப் போர் மூண்டது. இந்தியானாவிலிருந்து ஆறு ரெஜிமென்ட் வீரர்கள் வேண்டும். ஆளுநர் மார்ட்டன் அந்தப் பொறுப்பைக் கொடுத்தது லூ வாலஸிடம். கேட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் சில நாள்களில் வந்து குவிந்தார்கள். தாமே பதினோராவது இந்தியானா ரெஜிமென்ட்டின் கர்னலானார்.

1862 பிப்ரவரி, டொனல்சன் கோட்டை. உறையவைக்கும் குளிர். வடக்குப் படையின் தளபதி கிராண்ட் களத்தில் இல்லாத நேரம் பார்த்து எதிரி பாய்ந்து, வலப்பக்க அணியைச் சிதறடித்தான். இருக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது வாலஸுக்கு இடப்பட்ட உத்தரவு. உதவி கேட்டு ஆள் மேல் ஆள் வருகிறது. உத்தரவு கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. பொறுப்பைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு படையை நகர்த்தினார். எதிரியின் பாய்ச்சல் அங்கே நின்றது. கோட்டை சரணடைந்தது.

அடுத்த மாதமே மேஜர் ஜெனரல் பதவி. வயது 34. அன்றைய வடக்குப் படையில் அவரைவிட இளைய மேஜர் ஜெனரல் யாரும் இல்லை. உச்சி வெயிலில் நிற்பதுபோல் புகழ் நடுத்தலையில் அடித்தது.

அந்தப் புகழ் மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை.

ஷைலோ

1862 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. டென்னசி ஆற்றங்கரை, பிட்ஸ்பர்க் லேண்டிங். ஷைலோ என்று பேர்பெற்ற போர் மூண்டது இங்கேதான். கிராண்டின் படைமேல் விடியற்காலையில் எதிரி விழுந்தான். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, கிரம்ப்ஸ் லேண்டிங் பகுதியில் வாலஸின் படை காத்திருந்தது. பீரங்கிச் சத்தம் காதில் விழுகிறது. உத்தரவு வரவில்லை.

முற்பகல் போய் நண்பகலை நெருங்கும்போது ஓர் உத்தரவு வந்தது. கிராண்ட் வாயால் சொன்னதை வேறொருவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டுவந்தார். அதில் கையெழுத்துகூட இல்லை. அந்தத் தாள் பிற்பாடு தொலைந்தும் போயிற்று. களத்துக்குப் போக இரண்டு சாலைகள் இருந்தன. படையின் வலப்பக்கத்தோடு சேர்ந்துகொள் என்பதே தனக்கு வந்த உத்தரவு என்றார் வாலஸ். அதற்கு நேரான சாலையில் நடந்தார். தன் ஆட்களைக் கொண்டு முன்கூட்டியே செப்பனிட்டு வைத்திருந்த சாலை அது. ஆனால் அந்த வலப்பக்கம் காலையில் இருந்த இடத்தில் இப்போது இல்லை. எதிரி அடித்த அடியில் ஆற்றங்கரையை நோக்கிப் பின்வாங்கியிருந்தது. அதே சாலையில் போயிருந்தால் எதிரியின் முதுகுப்புறத்தில் தனியாக மாட்டியிருப்பார்.

தேடிவந்த அதிகாரி சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. படையைத் திருப்பி, சேற்றுப் பாதையில் ஆற்றங்கரைச் சாலைக்கு வந்து, களத்தைத் தொட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைய சண்டை முடிந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் அதே படை முன்வரிசையில் நின்று போரிட்டது. வடக்கு வென்றது. ஆனால் இரண்டு நாள்களில் இரு தரப்பிலும் மாண்டவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் 23,000-க்கும் மேல். அமெரிக்க மண் அதுவரை பார்த்திராத ரத்தம். நாடு அதிர்ந்தது. யாரால் இது என்று பத்திரிகைகள் கேட்டன. ஆள் அகப்பட்டுவிட்டார்: தாமதமாக வந்த வாலஸ்!

சில மாதங்களில் அவர் கையிலிருந்த படை போயிற்று. கோடைக்காலத்தில் அவர் கிராஃபோர்ட்ஸ்வில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதே சீருடை, அதே பதவி. தலைமை தாங்க ஒரு படையும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில். நீ குற்றம் செய்யவில்லை என்று உன் நெஞ்சுக்குத் தெரிகிறது. ஆனால் நீ எங்கே போனாலும் உன் பேருக்கு முன்னால் அந்தக் கெட்ட பேர் போய் நிற்கிறது. இந்த வலி உனக்குப் புதிதா? அலுவலகத்தில், குடும்பத்தில், ஊரில் ஒருமுறை ஒட்டிய பெயர் உரிந்து போகாமல் நீ புழுங்கியதில்லையா? அந்த வலியோடு என்ன செய்வது என்பதை வாலஸிடம் கற்றுக்கொள்.

கைக்கு வந்த வேலை

1862 செப்டம்பர். ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் சின்சினாட்டி நகரத்தை நோக்கி எதிரிப்படை வருகிறது. காக்கப் படையில்லை. வாலஸை அனுப்பினார்கள். அவர் போய் இறங்கியதும் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கடைகளை மூடச் சொன்னார். தொழிலாளி, வியாபாரி, கறுப்பின மக்கள் என்று ஊரே மண்வெட்டி பிடித்துக் காப்பரண் வெட்டியது. கிராமங்களிலிருந்து வேட்டைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு குடியானவர்கள் வந்தார்கள். நிலக்கரிப் படகுகளை வரிசையாகக் கட்டி, ஆற்றின் குறுக்கே ஒரு மிதவைப் பாலமே எழுந்தது. வந்த எதிரி பார்த்தான். தாக்காமலே திரும்பிப் போனான்.

ஷைலோவின் பழி இதனால் கரைந்ததா? இல்லை. அதன் பிறகும் வெகுகாலம் அவருக்குப் போர்முனையில் இடம் கிடைக்கவில்லை. தன் மேல் விசாரணை நடத்துங்கள் என்று அவரே கேட்டார். அது உனக்கு நல்லதல்ல என்று நண்பர் ஷெர்மன் எடுத்துச் சொன்ன பிறகு அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். கடைசியில் 1864 மார்ச்சில் பால்டிமோரில் ஒரு பொறுப்பு கிடைத்தது. போர்முனைக்கு வெகு பின்னால், அமைதியான, யாரும் கவனிக்காத நாற்காலி.

அந்த நாற்காலியில்தான் அவருடைய நாள் அவரைத் தேடி வந்தது.

விலைக்கு வாங்கிய ஒரு நாள்

1864 ஜூலை. கிராண்ட் தன் பெரும்படையோடு வெகுதூரத்தில், பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் இருந்தார். வாஷிங்டனைச் சுற்றிக் கோட்டைகள் இருந்தன. அவற்றில் நிற்கத் தேர்ந்த வீரர்கள் இல்லை. அந்த நேரம் பார்த்து ஜூபல் எர்லி என்ற எதிரித் தளபதி ஏறத்தாழ 14,000 வீரர்களோடு மலைப்பள்ளத்தாக்கு வழியாகத் தலைநகரை நோக்கிப் பாய்ந்து வந்தார்.

முதலில் மோப்பம் பிடித்தவர்கள் ரயில்வேக்காரர்கள். பால்டிமோர் – ஓஹையோ ரயில்வேயின் தலைவர் காரெட் நேராக வாலஸிடம் வந்து எச்சரித்தார். எதிரி எவ்வளவு பேர், எங்கே போகிறான் என்று மேலிடத்துக்கே தெளிவில்லை. யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வாலஸ் மொனாக்கசி ஆற்றுக்குக் கிளம்பினார். பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் சாலைகள் பிரியும் இடத்துக்கு அருகே ஓடும் ஆறு அது. அங்கிருந்து தலைநகர் சுமார் 65 கிலோமீட்டர்.

அவரிடம் இருந்ததெல்லாம் பெரும்பாலும் போர் பார்க்காத ஆட்கள். கடைசி நேரத்தில் கிராண்ட் அனுப்பிய ரிக்கெட்ஸின் படைப்பிரிவு வந்து சேர்ந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 5,800 பேர். எதிரில் 14,000.

வெல்ல முடியாது என்று வாலஸுக்கு நன்றாகத் தெரியும். தோற்றால் ஷைலோவோடு இதையும் சேர்த்துக் கட்டி அடிப்பார்கள் என்பதும் தெரியும். ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் போட்ட கணக்கு வேறு. இங்கே எதிரியை ஒரு நாள் நிறுத்தினால், அந்த ஒரு நாளில் கிராண்டின் வீரர்கள் கப்பலேறித் தலைநகருக்கு வந்துவிடுவார்கள்.

ஜூலை 9. காலையில் தொடங்கிய சண்டை பிற்பகல் வரை நடந்தது. ஆற்றின் மேலிருந்த மரப்பாலத்தைக் கொளுத்தினார்கள். ஒருமுறை, இருமுறை பாய்ந்த எதிரியைத் தடுத்து நிறுத்தினார்கள். கடைசியில் எர்லியின் கீழிருந்த கார்டனின் காலாட்படை அலை அலையாக மோத, அணி உடைந்தது. ஏறத்தாழ 1,300 பேரை இழந்து, வாலஸ் பால்டிமோரை நோக்கிப் பின்வாங்கினார்.

தோற்றுவிட்டார். ஆனால் எர்லியின் ஒரு முழுப் பகல் அந்த ஆற்றங்கரையில் செலவாகிவிட்டது!

ஜூலை 11 அன்று, வெயிலில் வாடி வதங்கிய எர்லியின் படை வாஷிங்டனின் ஸ்டீவன்ஸ் கோட்டை முன் வந்து நின்றது. அதே நாளில் கிராண்ட் அனுப்பிய வீரர்கள் கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நடந்த மோதலில் ஆபிரகாம் லிங்கனே கோட்டைச் சுவரில் ஏறி, குண்டுகளுக்கு நடுவே நின்று பார்த்தார். அன்றிரவே எர்லி திரும்பிப் போனார். தலைநகர் பிழைத்தது.

ஷைலோவில் ஒரு பகல் தாமதமாக வந்தவர் என்று ஏசப்பட்ட மனிதர், மொனாக்கசியில் எதிரியை ஒரு பகல் தாமதமாக்கி நாட்டைக் காத்தார்! தன்னை வீழ்த்திய அதே ஒரு நாளை எதிரியிடமிருந்து பறித்து எடுத்தார்.

உடனே மாலை போட்டார்களா? முதலில் வந்த செய்தி ‘தோல்வி’ என்பதுதான். கிராண்ட் அவரைக் களப்பொறுப்பிலிருந்து விலக்கி வேறொருவரை அமர்த்தினார். நடந்ததன் அளவு புரிந்த பிறகு, அதே மாதத்தில் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். ஆண்டுகள் கழித்துத் தன் நினைவுக் குறிப்புகளில், பிற தளபதிகள் வெற்றியால் செய்த நன்மையைவிடப் பெரிய நன்மையை வாலஸ் தன் தோல்வியால் செய்தார் என்று எழுதினார்.

உன் வாழ்க்கையிலும் வெல்ல முடியாத நாள்கள் வரும். அன்று என்ன செய்வாய்? களத்தை விட்டு ஓடாதே. அந்த நாளில் எதைக் காப்பாற்ற முடியுமோ அதைக் காப்பாற்று. கடனை முழுவதும் அடைக்க முடியாதா, இந்த மாத வட்டியைக் கட்டு. பாடம் முழுவதையும் முடிக்க முடியாதா, இன்றைக்குப் பத்துப் பக்கம் படி. நோயை வெல்ல முடியாதா, இன்றைய மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. நீ பிடித்து நிறுத்தும் ஒரே ஒரு நாளுக்குள் உனக்கான கப்பல் கரை சேர்ந்துவிடலாம்.

வெட்கத்தில் முளைத்த விதை

போர் முடிந்தது. லிங்கனைக் கொன்ற சதிகாரர்களை விசாரித்த ராணுவ ஆணையத்தில் வாலஸ் ஓர் உறுப்பினர். பிறகு வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். 1870-இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார், தோற்றார்.

1876-இல் ஒரு மாலை, இந்தியானாபொலிஸுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அதே வண்டியில் ராபர்ட் இங்கர்சால். நாடறிந்த நாத்திகப் பேச்சாளர். கடவுள் உண்டா, ஏசு யார், மறுமை உண்டா என்று பேச்சு ஓடியது. ஊர் வரும்வரை இங்கர்சால் பொழிந்துகொண்டே இருந்தார். வாலஸிடம் அவருக்கு ஈடுகொடுக்கச் சரக்கில்லை. நம்புகிறேன் என்று சொல்லவும் தெரியவில்லை, மறுக்கிறேன் என்று சொல்லவும் தெரியவில்லை.

ரயிலிலிருந்து இறங்கிய வாலஸ் வண்டி ஏறவில்லை. தன் சகோதரர் வீட்டை நோக்கி, இருட்டில் தனியாக நடந்தார். இத்தனை வயதாகியும் இவ்வளவு பெரிய விஷயத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கம் அவரைச் சுட்டது.

அந்த வெட்கத்தை நம்மில் எத்தனை பேர் மறைப்போம்! மறுநாளே தெரிந்ததுபோல் பேசுவோம். இந்த முன்னாள் மேஜர் ஜெனரலோ, மாணவனைப்போல் படிக்க உட்கார்ந்தார். மூன்று ஞானிகள் நட்சத்திரம் பார்த்து வந்த கதையை அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். இப்போது அதை ஏசுவின் காலத்தையே சித்திரிக்கும் நாவலாக வளர்த்தார். பாலஸ்தீனத்தில் அவர் கால் வைத்ததில்லை. நூலகங்களில் போய் வரைபடங்களை விரித்தார். ரோமக் கப்பலில் துடுப்புகள் எப்படி இருந்தன, தேர்கள் எப்படி இருந்தன, பாலைவனத்தில் என்ன செடி முளைக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேடினார். கிராஃபோர்ட்ஸ்வில்லில் வீட்டருகே நின்ற பீச் மரத்தின் நிழலில் உட்கார்ந்து எழுதினார்.

1878-இல் நியூ மெக்சிகோ பிரதேசத்தின் ஆளுநராக நியமனம் வந்தது. அங்கே லிங்கன் கவுண்டியில் இரண்டு கும்பல்கள் ஒன்றையொன்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தன. பில்லி த கிட் என்று கதைகளில் வரும் அந்த இளம் துப்பாக்கிக்காரனை 1879 மார்ச்சில் நேரில் சந்தித்துச் சாட்சி சொல்லும்படி பேரம் பேசியவர் இதே வாலஸ்தான். பகலில் இந்த வேலை. இரவில் சாண்டா ஃபேயின் பழைய அரண்மனையில், வெளியிலிருந்து குண்டு பாயாமல் இருக்க ஜன்னல் கதவுகளை அடைத்துக்கொண்டு, விளக்கொளியில் ‘பென்ஹர்’. ஏசு சிலுவையில் அறையப்படும் காட்சி அந்த அறையில்தான் எழுதப்பட்டது.

‘எழுதணும், ஆனா நேரமில்லை’ என்கிறாயே! தலைக்கு மேல் துப்பாக்கி காத்திருந்த நேரத்தில் எழுதப்பட்ட புத்தகம் அது.

நாவலின் நாயகன் யூதா பென்ஹர் என்ன குற்றம் செய்தான்? மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். கைப்பட்டு ஓர் ஓடு சரிந்து, கீழே போன ரோம ஆளுநர்மேல் விழுந்தது. தற்செயலை நண்பனே சதியென்று சாட்ட, விசாரணையே இல்லாமல் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையானான். இதைப் படிக்கும்போது எனக்குத் துண்டுத்தாளும் இரண்டு சாலைகளும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை என்றால் என்ன என்பதை வாலஸ் எந்த நூலகத்திலும் தேட வேண்டியிருக்கவில்லை. அதை மட்டும் தன் நெஞ்சிலிருந்தே எடுத்து எழுதினார்.

1880 நவம்பரில் நாவல் வெளிவந்தது. முதல் ஏழு மாதங்களில் விற்றவை சுமார் 2,800 பிரதிகள். பத்திரிகை விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். படித்தவர்கள் அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். மெல்ல மெல்ல ஏறி, 19-ஆம் நூற்றாண்டின் மிக அதிகம் விற்ற அமெரிக்க நாவலாக அது ஆயிற்று. 1936-இல் ‘கான் வித் த விண்ட்’ வரும்வரை அதன் இடத்தை வேறு எந்த அமெரிக்க நாவலும் பிடிக்கவில்லை. ஜனாதிபதி கார்ஃபீல்ட் அதைப் படித்து மனம் நெகிழ்ந்தார். 1881-இல் வாலஸைத் துருக்கிப் பேரரசுக்குத் தூதராக அனுப்பினார். அங்கிருந்து பாலஸ்தீனத்துக்குப் போய், தான் பார்க்காமலே எழுதிய நிலத்தை வாலஸ் கண்ணால் பார்த்தார். எழுதியதில் ஒரு வரியையும் மாற்றத் தேவையில்லை என்று கண்டார்.

ஆறாத புண்

உன்னிடம் ஓர் உண்மையை மறைக்க மாட்டேன். இத்தனை புகழுக்குப் பிறகும் ஷைலோ அவரை விடவில்லை. நாற்பது ஆண்டுகள் கடிதம் கடிதமாக எழுதித் தன் தரப்பை விளக்கினார். உலகம் என்னை எப்போதாவது விடுவிக்குமா என்று மனைவியிடம் மனம் கசிந்தார். முதுமையிலும் அந்தக் களத்துக்குப் போய் வந்தார்.

1885-இல் தொண்டைப் புற்றுநோயோடு போராடியபடி கிராண்ட் தன் நினைவுக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். ஷைலோவில் இறந்த வேறொரு தளபதியின் மனைவி ஒரு பழைய கடிதத்தை அனுப்பிவைத்தார். சண்டைக்கு முந்தைய நாள் வாலஸ் எழுதியது அது. அதைப் படித்த கிராண்ட், முன்பு தான் சொன்னதை இந்தக் கடிதம் பெரிதும் மாற்றுகிறது என்று ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். நூலின் உள்ளே பழைய குற்றச்சாட்டு அப்படியே நின்றது. இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்ததற்குக் கிடைத்தது பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு!

இதைக் கவனி. விளக்கம் சொல்லி அவர் வாங்கியது ஓர் அடிக்குறிப்பு. வேலை செய்து அவர் வாங்கியது ஒரு தலைநகரும் ஒரு காவியமும். உன் மேல் பழி சொன்னவர்கள் வாயை அடைக்க உன் ஆயுளைச் செலவழிக்காதே. ஒருமுறை தெளிவாக உண்மையைச் சொல். பிறகு அடுத்த வேலையில் இறங்கு. புண் ஆறினால் நல்லது, ஆறாவிட்டாலும் நடக்கலாம். வாலஸ் அந்தப் புண்ணோடுதான் மொனாக்கசிக்கு நடந்தார். அந்தப் புண்ணோடுதான் பென்ஹரை எழுதினார்.

வயதை ஒரு காரணமாக அவர் சொன்னதே இல்லை. 68 வயதில் தனக்கென ஒரு படிப்பறைக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார். செங்கல்லில் எழுந்த அந்த அழகிய கட்டடம் இன்றும் கிராஃபோர்ட்ஸ்வில்லில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1898-இல் ஸ்பெயினோடு போர் வந்தபோது, 71 வயதில் படை திரட்டித் தருகிறேன் என்று முன்வந்தார். வேண்டாம் என்றார்கள். 71 வயதுக் கிழவரை வேண்டாம் என்று சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் ‘என்னால் முடியாது’ என்ற வார்த்தை அவர் பக்கத்திலிருந்து வரவில்லை பார்!

இப்போது உன் முறை

தம்பி, தங்கையே! நீ தாமதமாகிவிட்டாய் என்று உனக்குச் சொன்னது யார்? எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்கள்? அடுத்த வீட்டுக்காரன் கடிகாரமா? சொந்தக்காரன் கடிகாரமா?

தவறான சாலையில் வந்துவிட்டாய் என்று தெரிந்தால் திரும்பு. வாலஸ் திரும்பினார். சேற்றில் நடக்க வேண்டியிருந்தால் நட. இருட்டிய பிறகுதான் போய்ச் சேர முடியும் என்றாலும் போய்ச் சேர். மறுநாள் காலைச் சண்டை இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த மறுநாளில் முன்வரிசையில் நிற்கும் உரிமை, இரவோடு இரவாக வந்து சேர்ந்தவனுக்கே உண்டு. பாதிவழியில் உட்கார்ந்தவனுக்கு இல்லை.

தவறிய தேர்வை மறுபடி எழுது. நிறுத்திய படிப்பைத் தொடர். பெட்டியில் போட்டுப் பூட்டிய கதையை எடுத்து வெளியே வை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, இன்றிரவே புத்தகத்தைத் திற.

லூ வாலஸ் 1905 பிப்ரவரி 15 அன்று கிராஃபோர்ட்ஸ்வில்லில் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1910-இல், வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலை மண்டபத்துக்கு இந்தியானா மாநிலம் ஒரு பளிங்குச் சிலையை அனுப்பியது. ஒரு நாளை விலைகொடுத்து வாங்கி எந்த நகரத்தைக் காப்பாற்றினாரோ, அந்த நகரத்தின் நடுவில், அந்த மண்டபத்துக்குள், தாமதமாக வந்தவர் என்று ஏசப்பட்ட அந்த மனிதர் இன்றும் நிமிர்ந்து நிற்கிறார்.

எழுந்திரு. கிளம்பு. உனக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.